ஊர் தெரிந்தவர் பின்னால் ஒரு சைக்கிள்



இலங்கையில் பொலன்னறுவைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பழைய ராஜதானியின் இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் விடுதி வாசலிலேயே ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பாலித் தீவில் உள்ளூர் இளைஞர் ஒருவர் முன்னால் மிதித்துப் போக, வெளிநாட்டுப் பயணிகள் வரிசையாக வயலோரப் பாதைகளில் அவர் பின்னால் போவார்கள். நடுவில் ஒரு வீட்டில் காபி, ஒரு தோப்பில் இளநீர். பக்கத்திலே கேரளத்து ஆலப்புழையிலும் இது உண்டு. விடுமுறைக்கு வெயில் நாடுகளைத் தேடி வருகிறவர்கள் இதற்கு மனமுவந்து காசு கொடுக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது ஒரு பிழைப்பாகவும் இருக்கிறது.

திருப்பூரிலும் இப்படி ஒரு சைக்கிள் பயணம் வேண்டும். இதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

ஆர்டர் கொடுக்க வருகிற வெளிநாட்டு பையர்கள் வரட்டும், நல்லதுதான். ஆனால் முதலில் நான் நினைப்பது இங்கேயே இருப்பவர்களை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து தைக்கிறவர்கள், தென்மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டவர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். இவர்களில் பலருக்குத் திருப்பூர் என்றால் கம்பெனி, லைன் வீடு, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், அவ்வளவுதான். சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை, துணி துவைப்பு, தூக்கம். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஒருவர், நகரத்துக்கு வெளியே பத்துக் கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே பத்து வருஷம் இங்கே வாழ்ந்துவிட முடிகிறது. இது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

வெளியே அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். ஊத்துக்குளி ரோட்டில் கிளம்புவோம். விடியற்காலையில், டீக்கடை திறக்கும் நேரத்தில். நகரத்தின் ஓரத்திலேயே, சர்க்கார் பெரியபாளையத்தில், நஞ்சராயன் குளம் இருக்கிறது. நல்லாற்றுத் தண்ணீர் வந்து தேங்கும் குளம். பரப்பு ஏறக்குறைய 125 ஹெக்டேர். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற வரித்தலை வாத்து குளிர்காலத்தில் இங்கே வந்து இறங்குவதைத் திருப்பூர் இயற்கைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் பல வருஷமாகப் பார்த்துப் பதிவு செய்துவருகிறார்கள். அந்தக் குளத்துக்கு இன்றைக்குக் கிடைத்திருக்கிற பாதுகாப்பில் அவர்களுடைய பொறுமைக்குப் பெரிய பங்கு உண்டு. பனியன் ஏற்றிய லாரிகள் போகிற சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இது இருக்கிறது.

காரில் போனால் இந்தக் குளம் தெரியாது. பைக்கில் போனால் தெரியும், ஆனால் சத்தம் கேட்டுப் பறவை எழுந்துவிடும். நடந்துபோனால் அடுத்த ஊர் போய்ச் சேர மதியமாகிவிடும். சைக்கிளின் வேகம் இதற்கு அளவானது. நின்று பேசலாம், பேசிக்கொண்டே போகலாம், எதிரில் வருகிறவர் யார் வீட்டுக்கு என்று கேட்டால் பதில் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

நாங்கள் சிலர் அவ்வப்போது இப்படிப் போய்வருகிறோம். எங்களோடு வருகிற பெரியவர் ஊத்துக்குளிப் பக்கத்துக்காரர். மாடு வளர்ப்பவர். கூட வருகிற பையன்கள் எல்லாரும் அவரை அப்பாரு என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேரியர் வைத்த பழைய சைக்கிள், தலையில் ஒரு துண்டு. ஆனி, ஆடி மாதங்களில் கிழக்கே மிதிக்கக் கிளம்பினால் பையன்களுக்கு ஒரே உற்சாகம், மிதிக்காமலே வண்டி ஓடும். அப்பாரு அப்போதே சொல்லிவிடுவார்: "காத்து மேக்க இருந்து வருது கண்ணு. போறப்ப அதுவே தள்ளிவிடும். வாறப்பத்தான் தெரியும். பாதி பலத்தக் கையில வெச்சுக்கோணும்."

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? மேற்குத்தொடர்ச்சி மலை நெடுக சுவர் மாதிரி நிற்க, பாலக்காட்டில் மட்டும் ஒரு கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகப் புகுந்து கொங்கு நாட்டுக்குள் அடிக்கிறது. மழையைப் பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் காற்றாக வருகிறது. பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகள் சுற்றுவது இதனால்தான். ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் மேற்குக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்திலிருந்து கரூருக்கு வணிகர்கள் வந்ததும் இதே வாசல் வழியாகத்தான்.

அந்தப் பாதையில் இருந்த ஒரு பெரிய தொழில்நகரம் நம் சைக்கிள் போகும் தூரத்திலேயே இருக்கிறது. கொடுமணல். நொய்யலின் வடகரையில், ஈரோடு மாவட்ட எல்லைக்குள். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பெயர் வருகிற ஊர் இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. 1985இலிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகமும், பிறகு மற்ற நிறுவனங்களும் இங்கே அகழாய்வு செய்திருக்கின்றன. இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. சூதுபவளம், பச்சைக்கல், பளிங்கு என்று கற்களைப் பட்டை தீட்டி மணி கோத்த பட்டறைகளின் தடயம் கிடைத்தது. தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. நூல் நூற்கிற தக்களியும் கிடைத்தது. பச்சைக்கல் எடுத்த படியூர், திருப்பூரிலிருந்து காங்கேயம் போகிற வழியிலேயே இருக்கிறது.

இதைக் கேட்டதும் கூட வந்த ஒரு பையன், ஓவர்லாக் மெஷினில் வேலை செய்கிறவன், "அப்போ எக்ஸ்போர்ட் அந்தக் காலத்துலயே இருந்துச்சா?" என்று கேட்டான். இருந்தது. மூலப்பொருளைத் தூரத்திலிருந்து வாங்கி, கைத்திறனைச் சேர்த்து, கடல் தாண்டி அனுப்புகிற வேலை நொய்யல் கரையில் இருந்தது. அந்தப் பையன் புத்தகத்தில் இதைப் படித்திருக்க மாட்டான். மண்மேட்டின் மேல் நின்று கேட்டதால் அவனுக்கு அது தன் தொழிலின் பழைய கதையாகப் பட்டது.

இந்தப் பயணத்தில் மறைக்கக் கூடாத ஓர் இடமும் உண்டு. கொடுமணலிலிருந்து சற்று மிதித்தால் ஒரத்துப்பாளையம் அணை. சுற்றுலா நடத்துகிறவர்கள் அழகான இடங்களை மட்டும் காட்டிவிட்டு அழைத்துப் போவது வழக்கம். திருப்பூரில் அப்படிச் செய்தால் பாதி ஊரைக் காட்டாமல் விட்டதாகத்தான் அர்த்தம்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. அதன் குறுக்கே, ஈரோடு, கரூர்ப் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் கொடுக்க, 1992இல் இந்த அணை வந்தது. ஆனால் அதில் தேங்கியது சாயப்பட்டறைக் கழிவு. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் தண்ணீரைத் திறக்கக் கூடாது என்று விவசாயிகளே போராட வேண்டியதாயிற்று. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. 2011 ஜனவரியில், கழிவுநீரைத் துளிகூட வெளியேற்றாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. சாயத்துக்குத் துணியை வெளியூருக்கு லாரியில் அனுப்பிய நாட்கள் அவை. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்படுத்தப்பட்டன. சாயநீரை நுண்ணுயிர்களால் சுத்தம் செய்து, சவ்வுகளின் வழியாக அழுத்தி வடிகட்டி, மிஞ்சுகிற உப்புநீரையும் காய்ச்சி, 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீரைத் திரும்ப எடுத்து அதே பட்டறைகளுக்கு அனுப்புகிறார்கள். இது சாதாரண வேலை இல்லை. திருப்பூர் இதில் பெருமைப்படலாம்.

ஆனாலும் அணைக்கரையில் நிற்கும்போது அப்பாரு பேசுவது வேறு. "கெணத்துத் தண்ணியில சோப்பு நுரைக்காதுங்க சாமி. மாடு மோந்து பாத்துட்டுத் தலையைத் திருப்பிக்கும். தென்ன மரம் குருத்துலயே காஞ்சுது." மண்ணில் இறங்கிய உப்பு, பட்டறை மூடியதும் போய்விடாது. அதை அணைக்கரையில் நின்று, அந்தத் தண்ணீரை இறைத்தவர் வாயால் கேட்க வேண்டும். இதற்காகவே வழிகாட்டி உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்கிறேன். திருப்பம் எங்கே என்று செல்போன் சொல்லிவிடும். எந்தக் கிணறு எப்போது கெட்டது என்று அதற்குத் தெரியாது.

இன்னொரு பாதை தென்கிழக்கே, காங்கேயம் பக்கம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செம்மண்ணும் சரளையும் கலந்த, மழை குறைந்த பூமி. கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தை இங்கேதான் பார்க்க வேண்டும். சில ஏக்கர் நிலம், சுற்றிலும் முள்கிளுவையில் உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல். நடுநடுவே வெள்வேல மரங்கள். மாடும் ஆடும் வேலிக்குள் அவிழ்த்து விட்டபடி மேயும், மேய்க்க ஆள் வேண்டியதில்லை. மழை பெய்தால் புல் தழைக்கும். கோடையில் புல் காய்ந்தால் வெள்வேலங்காய் உதிரும், ஆடு அதைப் பொறுக்கித் தின்னும். எதையும் உழுது விதைத்து வளர்க்க வேண்டாத பண்ணையம் இது. வறட்சியோடு சண்டை போடாமல் வாழக் கற்றுக்கொண்டவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செம்மைப்படுத்தியது.

காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், மாதங்கள் போகப் போக வெளுக்கும். காளைக்கு வயது ஏற ஏறத் திமிலிலும் கழுத்திலும் கருமை கூடும். இந்த இனத்தைப் பேணியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இப்போது குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் அந்த வேலையைச் செய்துவருகிறது. டிராக்டர் வந்தபின் மாடு குறைந்தது, மாடு குறைந்ததும் கொறங்காடு வீட்டுமனையாகிறது. சைக்கிளில் வருகிறவர்கள் அரை மணி நேரம் நின்று பார்த்து, ஒரு சொம்பு மோருக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனால், அந்த வேலி இன்னும் கொஞ்ச காலம் நிற்க ஒரு காரணம் கிடைக்கும். மிகப் பெரிய காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு காரணம்.

கொறங்காட்டுப் பாதையில் பஞ்சர் ஆகாமல் திரும்புவது கஷ்டம். வேலமுள் டயரில் ஏறினால் வெளியே ஒரு கரும்புள்ளிதான் தெரியும். பையன்கள் அதை உடனே பிடுங்கப் போவார்கள். அப்பாரு தடுப்பார். முள் நிற்கிற இடத்துக்கு நேராக டயரின் மேல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை உருவி, மாட்டுத் தொட்டித் தண்ணீரில் அழுத்திப் பிடிப்பார். கொப்புளம் வருகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டே துடைத்துக் காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது ஒட்டுகிற பதம் வரும்வரை பேசிக்கொண்டிருப்பார். முள்ளைப் பிடுங்குவது அதற்குப் பிறகு. டயரின் உட்பக்கம் விரலை ஓடவிட்டு, உடைந்த முனை ஏதும் மிச்சமில்லையே என்று தடவிப் பார்த்த பிறகுதான் டியூபை உள்ளே விடுவார். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்துக் கணக்குக் காட்டுகிற கம்பெனியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்றாள். அவளுக்கு அந்த விரல் ஏன் அப்படி ஓடுகிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெண்கள் வருவார்களா என்று சிலர் கேட்கிறார்கள். 1991, 92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. இன்றைக்குப் பனியன் கம்பெனியில் இருக்கிற பல பெண்கள் அந்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள்தான். ஓட்டத் தெரியும். நேரமும் துணையும் வண்டியும் கிடைத்தால் வருவார்கள். வண்டியைக் கம்பெனிகள் வாங்கி வைக்கலாம், ஹாஸ்டலுக்குப் பத்து சைக்கிள் பெரிய செலவில்லை. வழிகாட்டிகளை ஊராட்சிகள் தேர்ந்தெடுக்கலாம். அவர்களுக்கு உரிய கூலி கொடுக்க வேண்டும், ஆசைக்கு வந்து காட்டுங்கள் என்று கேட்கக் கூடாது. தமிழோடு இந்தியும் ஒடியாவும் பேசத் தெரிந்த ஓர் இளைஞர் கூட வந்தால், அப்பாரு சொல்வது எல்லாருக்கும் போய்ச் சேரும்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்கழி, தை நல்ல மாதங்கள். குளத்தில் பறவை இருக்கும், வெயில் தாங்கும், காலையில் இறக்கிய தெளுவும், அதாவது பதநீரும், தேடினால் கிடைக்கும். ஊத்துக்குளியில் வெண்ணெய் வாங்குகிறவர்கள் திரும்பும்போது வாங்குங்கள், முதலில் வாங்கினால் வழியிலேயே உருகிவிடும். ஆடிக்காற்றில் போவதானால் கிளம்பும்போதே மேற்கு நோக்கி மிதியுங்கள். வீடு திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும். ஒரு பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் குழுவுக்கு ஒன்றாவது கையில் இருக்கட்டும்.