கொழும்பின் ரகசியக் கணக்கர்கள்

1942 ஜனவரியில், சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்வதற்குச் சற்று முன், அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படையின் சங்கேத உடைப்புப் பிரிவு கொழும்புக்கு வந்தது. பெம்புரோக் கல்லூரி என்ற பள்ளியில் வேலை தொடங்கியது.

ஜப்பானியக் கடற்படை ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஐந்திலக்க எண் வைத்திருந்தது. அதோடு இன்னோர் எண்ணைக் கூட்டித்தான் வானொலியில் அனுப்பும். எட்டும் ஏழும் பதினைந்து என்றால் ஐந்தை மட்டும் எழுதுவார்கள். கையில் நிற்கும் ஒன்று அடுத்த இலக்கத்துக்குப் போகாது. பிழை கண்டறிவதற்காக மூல எண்கள் எல்லாம் மூன்றால் வகுபடும்படி அமைந்திருந்தன. அந்த ஏற்பாடே எதிரிக்குப் பிடி கொடுத்தது. கூட்டிய எண் எது என்று ஊகித்து, அதைக் கழித்துப் பார்த்து, விடைகள் எல்லாம் மூன்றால் வகுபட்டால் ஊகம் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

1942 ஏப்ரல் 5-ல் கொழும்பின் மீது நடந்த விமானத் தாக்குதல் பற்றி முன்கூட்டியே எச்சரித்தது இந்தக் குழுதான். பின்னர் குழுவின் பெரும்பகுதி கென்யாவின் மொம்பாசாவுக்குச் சென்று, 1943 செப்டம்பரில் கொழும்பின் ஆண்டர்சன் நிலையத்துக்குத் திரும்பியது. கடற்படையின் மகளிர் பிரிவினர் பலர் இதில் உழைத்தார்கள்.

இதே போரில், இங்கிலாந்தின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில், ஜெர்மன் சங்கேதங்களை அலசும் வேலையை 1944-ல் ஒரு மின்னணு இயந்திரம் ஏற்றது. தபால் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் வடிவமைத்த 'கொலோசஸ்' அது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வால்வுகள் கொண்டது. அதை இயக்கியவர்களும் பெண்களே.

போருக்குப் பின் பெரும்பாலான கொலோசஸ்கள் பிரிக்கப்பட்டன. 1970-கள் வரை ரகசியம் காக்கப்பட்டதால், முதல் மின்னணுக் கணினி என்ற பெருமை 1946-ல் அறிமுகமான அமெரிக்காவின் 'எனியாக்' இயந்திரத்துக்குப் போனது.