அறிவியல் புனைகதையில் யார் பெரியவர்?



அறிவியல் புனைகதை எழுதியவர்களில் மிகப் பெரியவர் யார்? வாசகர்கள் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி எழுந்தால் பேச்சு லேசில் முடியாது. ஒருவர் ஜூல் வெர்ன் என்பார். இன்னொருவர் எச்.ஜி.வெல்ஸ் என்பார். ஐசக் அசிமோவ்தான் என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். பெயருக்குப் போவதற்கு முன்னால், எதைக் கொண்டு அளப்பது என்று முடிவு செய்துகொள்வோம். மேட்டூரில் இருப்பவர்களுக்கு அந்த அளவுகோலைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை.

மேட்டூர் அணையின் வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. 120 அடி நிறைந்தால் 93.47 டிஎம்சி தண்ணீர். அணை எழும்புவதற்கு முன்பு இந்த நீர்த்தேக்கம் பொறியாளர்களின் வரைபடத்தில் மட்டுமே இருந்தது. அணை வந்தது, காவிரி டெல்டா வயல்களுக்குத் தண்ணீர் உறுதியானது, மின்சாரம் வந்தது, ஆலைகள் வந்தன. அதே அணைக்காகப் பல கிராமத்து மக்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுப் போனார்கள். நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் இன்றும் வெளியே தெரிகின்றன.

இவ்வளவு தண்ணீரை நிறுத்த முடியுமா என்று பொறியாளர் கணக்குப் போடுகிறார். நிறுத்தினால் யார் வாழ்வு செழிக்கும், யார் ஊர் முழுகும், அதன் பிறகு மனிதர்கள் எப்படி மாறுவார்கள் என்று கேட்பது கதாசிரியரின் வேலை. அந்தக் கேள்வியை, அணை கட்டப்படுவதற்கு முன்பே கேட்பவர்தான் நல்ல அறிவியல் புனைகதை எழுத்தாளர். எதிர்காலத்தில் வரப்போகும் கருவியைச் சரியாகச் சொல்லிவிட்டார் என்பது கூடுதல் பெருமை. அதுவே முதன்மையான தகுதி ஆகாது.

இந்த அளவுகோலோடு பார்த்தால் நம் அருகிலேயே மூன்று பேர் நிற்கிறார்கள்.

முதலாமவர் வங்காளத்து ரொக்கேயா. 'சுல்தானாவின் கனவு' என்ற அவருடைய ஆங்கிலக் கதை 1905-ல் வெளிவந்தது, நம்முடைய மதராஸிலிருந்து நடந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில். பெண்கள் ஆளும் ஒரு நாடு. அங்கே பல்கலைக்கழகப் பெண்கள் மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறார்கள், சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறார்கள், அதைக் கொண்டே எதிரிப் படையை விரட்டுகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பெண்ணுக்குப் பள்ளிக்கூடமே மறுக்கப்பட்ட காலத்தில், அறிவியல் பெண்ணின் கைக்கு வந்தால் உலகம் என்னவாகும் என்று கேட்டவர் அவர்.

இரண்டாமவர் ஆர்தர் சி. கிளார்க். இங்கிலாந்தில் பிறந்து 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். பூமியோடு சேர்ந்து சுழலும் செயற்கைக்கோள்கள் வழியே உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945-லேயே கட்டுரை எழுதினார். 1979-ல் வந்த நாவலில், இலங்கையை மனத்தில் வைத்துப் படைத்த ஒரு தீவிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்ட வைத்தார். கற்பனையின் வீச்சில் அவருக்கு ஈடு சொல்வது கடினம்.

மூன்றாமவர் நம்முடைய சுஜாதா.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன், மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். திருச்சியில் இயற்பியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் படித்தார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முன்னின்றவர். ஆகவே இயந்திரத்தைப் பற்றி அவர் எழுதியது, அதைக் கழற்றி மாட்டிப் பார்த்தவரின் எழுத்து.

1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வை எடுத்துக்கொள்ளுங்கள். கதை 2021-22 வாக்கில் நடக்கிறது. ஜீவா என்ற தலைவர் நாட்டை ஆள்கிறார். மக்களின் பெயர் இரண்டே எழுத்து. பிள்ளை பெறுவதற்கும் அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். எல்லாவற்றையும் நம்பிக்கொண்டிருந்த நிலா என்ற சாதாரணப் பெண், கணவன் சிபி காணாமல் போன பிறகு கேள்வி கேட்கத் தொடங்குகிறாள். அவளுக்குத் துணை ஜீனோ என்ற இயந்திர நாய். புத்தகம் படித்து, சொந்தமாகச் சிந்திக்கக் கற்றுக்கொள்ளும் நாய். கடைசியில் அந்த மகா தலைவர் வெறும் பிம்பம் என்று தெரிகிறது.

கதை நடக்கும் அந்த ஆண்டு வந்து போய்விட்டது. இயந்திர நாய் நம் தெருவுக்கு வரவில்லை. ஆனால் இல்லாத மனிதரின் முகத்தையும் குரலையும் கணினி உண்டாக்கித் தருகிறது. திரையில் தெரிவதை நம்பலாமா என்று மேட்டூரில் கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய காலம் இது. அந்தக் கேள்வியைச் சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வாராவாரம் லட்சக்கணக்கான தமிழ் வாசகர்களுக்கு முன் வைத்தவர் சுஜாதா.

அவர் மீது குறைகளும் சொல்லலாம். அந்த நாவலில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலுடைய நிழல் உண்டு. அவருடைய பல சிறுகதைகள் கடைசி வரித் திருப்பத்தையே நம்பி நிற்கின்றன. சித்த மருத்துவம் போன்ற நம் மரபறிவிலிருந்து அறிவியல் கதை பிறக்க முடியும் என்று பிற்பாடு 'விசும்பு' தொகுப்பில் ஜெயமோகன் காட்டிய வழியில் சுஜாதா அதிகம் நடக்கவில்லை. இவை நியாயமான விமரிசனங்கள்.

ஆனாலும் என் தீர்ப்பு சுஜாதாவுக்கே. கிளார்க் எழுதும்போது, அறிவியல் படித்த வாசகர் கூட்டம் அவருக்குத் தயாராக இருந்தது. சுஜாதா கதையையும் எழுதி, அந்தக் கதைக்கான வாசகரையும் உருவாக்க வேண்டியிருந்தது. 'ஏன் எதற்கு எப்படி' பதில்கள், மூளையைப் பற்றிய 'தலைமைச் செயலகம்' என்று ஒரு பக்கம் அறிவியலைச் சொல்லிக்கொண்டே மறுபக்கம் கதை சொன்னார். கணினியைக் கண்ணால் பார்க்காத ஊர்களில்கூட, அதைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரு தலைமுறை அவரால் வந்தது. தன் மக்களை, அவர்கள் மொழியிலேயே எதிர்காலத்தைப் பற்றிச் சிந்திக்க வைத்தவரைவிடப் பெரியவர் யார்? 2008 பிப்ரவரி 27-ல் சுஜாதா மறைந்தார். மூன்று வாரங்களில், மார்ச் 19-ல் கொழும்பில் கிளார்க் மறைந்தார். அவர்கள் விட்ட இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மேட்டூர் மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இங்குள்ள அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி தேவைப்படாத காலம் வந்தால் இந்த ஊர் என்ன செய்யும்? காவிரியில் வரும் தண்ணீரைக் கணினியே பங்கு பிரித்தால் யார் ஒப்புக்கொள்வார்கள்? இதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு கதை எழுதுங்கள். அறிவியலில் பிழை விடாதீர்கள், மனிதர்களை மறந்துவிடாதீர்கள், தமிழில் எழுதுங்கள்.