வீட்டுக்குக் காசு உண்டு, வீடு நிற்க மண் இல்லை

(நாமக்கல்லில் இளைஞர்கள் நடத்தும் வாசிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



“நிலம் வைத்திருக்கிறவர்களே முன்வந்து, ஊரில் வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தால் என்ன?” கள ஆய்வுக்குப் போகிற இடங்களில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். என் அம்மாயி அப்படி ஒரு வீட்டில்தான் முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்தார். அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டம். கிணற்று மேட்டை ஒட்டி ஓடு போட்ட ஒற்றை அறை. பண்ணயக்காரர் கட்டிக் கொடுத்தது. மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு வயர் இழுத்துக் குண்டு பல்பு போட்டிருந்தார்கள். அம்மாயி அதை ஒருநாளும் ‘என் வீடு’ என்று சொன்னதில்லை. ‘பண்ணயக்காரர் வூடு’ என்றுதான் சொல்வார். அந்த வீட்டுச் சின்னப் பையனையும் ‘சாமி’ என்பார். அவன் அவரை ‘வா, போ’ என்பான்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, என் மாமா தோட்டத்து வேலையை விட்டுவிட்டு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போனார். மறுவாரம் அந்த வயரை எடுத்துவிட்டார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. “வேலைக்கு ஆள் வரலைன்னா வூடு எதுக்கு?” அவ்வளவுதான் கேள்வி. ஒரு மாதத்தில் சட்டி பானையோடு காலனியில் இருந்த சித்தி வீட்டுக்கு வந்தார்கள். ஓர் அறையில் இரண்டு குடும்பம்.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் வேறு. 1971-இல் தமிழ்நாட்டில் குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1971 ஜூன் 19 அன்று பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் குடியிருப்பு மனையே சொந்தம் என்கிறது அந்தச் சட்டம். அம்மாயி அதற்கு முன்பே அங்கே குடியேறியவர். அவரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. ஆய்வுக்காக நான் அந்தச் சட்டத்தைப் படித்தபோது அம்மாயி இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

தோழர்களே, நிலக்காரர் கட்டித் தரும் வீட்டில் சுவரும் கூரையும் உண்டு. ஆனால் அடியில் இருக்கும் மண் அவருடையதாகவே இருக்கும்வரை, அந்த வீடு கூலியின் ஒரு பகுதிதான். வேலை நின்றால் வீடும் நிற்கும். இன்று அது சாளையாக இல்லாமல் கோழிப்பண்ணை அறையாக, செங்கல் சூளைக் குடிசையாக, விசைத்தறிக்காரரின் லைன் வீடாக இருக்கிறது. முன்பணம் வாங்கியவர் அங்கே தங்குகிறார். கடன் தீராமல் வெளியேற முடியாது. வேலையை விட்டால் தங்கவும் முடியாது.

சரி, அரசாங்க வீடு இருக்கிறதே என்பீர்கள். 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் தொடங்கியது. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், 360 சதுர அடி, ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். ஒன்றிய அரசின் ஊரக வீட்டுத் திட்டம் 2016 முதல் நடக்கிறது. நல்ல திட்டங்கள்தான். ஆனால் முதல் கேள்வி ‘பட்டா இருக்கா?’ என்பது. பட்டா இல்லாதவர் வரிசையிலிருந்து நகர வேண்டியதுதான். வீட்டுக்குக் காசு உண்டு, வீடு நிற்க மண் இல்லை.

மண்ணை எப்படி வாங்குவது? அதற்கும் சட்டம் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காகத் தனியார் நிலத்தைக் கையகப்படுத்த 1978-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது. அதை எதிர்த்து நிலக்காரர்கள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1994-இல் சட்டத்தின் அடிப்படை நிலைத்தது. 2013-இன் புதிய நில எடுப்புச் சட்டத்துக்குப் பிறகு மீண்டும் வழக்கு. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் இதற்கு உயிர் கொடுத்தது; 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆக, கருவி கையில் இருக்கிறது. அதை எடுக்கிற துணிவுதான் வேண்டும். உள்ளூர் நிலக்காரரின் மனம் கோணாமல் மனை தேடினால், கிடைப்பது ஏரிக்கரையும் பாறையும் சுடுகாட்டு ஓரமும்தான்.

இன்னொன்று. ‘ஊருக்கு வீடு’ என்கிறோமே, ஊர் என்றால் யார்? இங்கிலாந்தின் கிராமங்களில் ஓர் ஏற்பாடு உண்டு. வழக்கமாக வீடு கட்ட அனுமதி இல்லாத, ஊரை ஒட்டிய நிலத்தில், உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகளுக்கு மட்டும் அனுமதி தருவார்கள். அதனால் நிலக்காரர் குறைந்த விலைக்கு நிலம் கொடுப்பார். அந்த வீடுகள் பிற்காலத்திலும் உள்ளூர்த் தேவைக்கே இருக்க வேண்டுமென்று ஒப்பந்தத்தில் கட்டிவைப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஊரில் ‘உள்ளூர்க்காரர்’ என்ற சொல்லே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஊர் வேறு, வளவு வேறு. அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகட்டும், மகிழ்ச்சி. தூரம் எப்போது போகும்?

அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் 1997-இல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டம் வந்தது. மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவருக்கு. பக்கத்து வீடு யாருடையது என்பதைச் சாதி தீர்மானிக்கக் கூடாது என்ற எண்ணம் பெரியது. ஆனால் அதுவும் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியதுதான். பழைய ஊர் அப்படியே இருக்கிறது. 1942-இல் நாக்பூர் மாநாடு தனிக் குடியேற்றங்கள் கேட்டுத் தீர்மானம் போட்டபோது அண்ணல் அம்பேத்கர் தரப்பு சொன்னதும் இதைத்தான்: நிலக்காரரை அண்டியே வாழ வேண்டிய கிராமத்தில் விடுதலை இல்லை.

இன்று சேலம், நாமக்கல் சாலையோரங்களில் தோட்டங்கள் மனைகளாகின்றன. கல் நட்டுக் கொடி கட்டி விற்கிறார்கள். 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவுகளில் 10 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு ஒதுக்க வேண்டுமென்று கட்டட விதிகள் சொல்கின்றன. காசு கையில் இருந்தும், சாதியைக் கேட்டுவிட்டு ‘அந்த மனை போயிருச்சுங்க’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

எனவே நல்ல மனதுடைய நிலக்காரர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும். மூன்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும். பத்திரம் பதிந்து, பட்டா அந்த வீட்டுப் பெண்ணின் பெயரில் வருமா? மனை ஊரோடு சேர்ந்து இருக்குமா, ஊரைத் தாண்டியா? நாளை அந்தப் பெண்ணின் மகன் வேலைக்கு வராவிட்டாலும் அந்த வீட்டில் விளக்கு எரியுமா?

உங்களுக்கும் ஒரு வேலை. உங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். உங்கள் ஊரில் கொடுத்த இலவச வீட்டுமனைப் பட்டாக்கள் எத்தனை, அதில் அளந்து காட்டியவை எத்தனை, 1978 சட்டத்தில் எடுத்த நிலம் எவ்வளவு என்று கேளுங்கள். பதிலை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போய்ப் படித்துக் காட்டுங்கள். அம்மாயிக்கு அதைச் செய்ய அன்று யாரும் வரவில்லை.