அல்லாஹ்வின் வாக்கு பொய்க்காது

(மாதாந்திர உதவி வழங்கும் நிகழ்ச்சியில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

இங்கே வந்திருக்கும் குடும்பங்களின் சிரமம் நாம் அறியாததல்ல. வளைகுடாவில் இருக்கும் கணவருக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. அத்தாவுக்கு வாரந்தோறும் டயாலிசிஸ். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லை. இப்படி வருபவர்களிடம் நாம் எல்லோரும் சொல்வது, "ஸபூர் செய்யுங்கள், அல்லாஹ் இருக்கிறான்" என்பதுதான். சத்தியமான வார்த்தை. ஆனால் கேட்பவர் உள்ளத்தில் ஒரு சந்தேகம் எழுகிறது: "எனக்கு அழுகை நிற்கவில்லை, இரவில் தூக்கம் வரவில்லை. அப்படியானால் என் ஈமான் குறைந்துவிட்டதா?"

இதற்குக் குர்ஆனிலேயே பதில் இருக்கிறது. 28வது அத்தியாயமான அல்கஸஸில் மூஸா (அலை) அவர்களின் தாயாரைப் பற்றி அல்லாஹ் கூறுகிறான். பிறந்த ஆண் குழந்தைகளை ஃபிர்அவ்ன் கொன்று கொண்டிருந்த காலம் அது. குழந்தையை ஆற்றில் விட்டுவிடு, பயப்படாதே, உன்னிடமே திருப்பித் தருவோம் என்று அந்தத் தாய்க்கு அல்லாஹ் வாக்களித்தான். அவர்களும் அப்படியே செய்தார்கள். பிறகு என்ன ஆனது? அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிவிட்டது. அல்லாஹ் அவர்களின் இதயத்தை உறுதிப்படுத்தியிருக்காவிட்டால் ரகசியத்தையே வெளியில் சொல்லியிருப்பார்கள். படைத்தவனிடமிருந்து நேரடியாக வாக்குப் பெற்ற தாய்க்கே மனம் கலங்கியது. அதற்காக அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை. தவக்குல் உள்ளவருக்கும் கண்ணீர் வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாக்குறுதி கிடைத்துவிட்டது என்று அந்தத் தாய் சும்மா இருக்கவில்லை. மகளை அழைத்து, தம்பியைப் பின்தொடர்ந்து போகச் சொன்னார்கள். அந்தப் பெண்ணும் யாருக்கும் தெரியாமல் தூரத்திலிருந்து கவனித்தார். அரண்மனையில் குழந்தை எந்தச் செவிலித்தாயிடமும் பால் குடிக்க மறுத்தபோது, நல்ல குடும்பம் ஒன்றைக் காட்டித் தரட்டுமா என்று கேட்டார். குழந்தை தாயின் மடிக்குத் திரும்பியது. அல்லாஹ் தன் வாக்கை நிறைவேற்றினான். அந்தச் சிறுமியின் கால்நடையை அதற்குக் காரணமாக ஆக்கினான்.

மூஸா (அலை) அவர்களின் தாயாருக்குக் குழந்தை விரைவில் கிடைத்தது. யஃகூப் (அலை) அவர்களோ மகன் யூஸுஃபுக்காக நீண்ட காலம் காத்திருந்தார்கள். அழுது அழுது கண்களே வெளுத்துப் போயின. தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். அந்த நிலையிலும், போய்த் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொன்னார்கள். வாக்கைத் தருபவன் அல்லாஹ். நாளைக் குறிப்பவனும் அவனே. தாமதமாகிறது என்பதால் அவன் மறந்துவிட்டான் என்று எண்ணிவிடக் கூடாது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதியில் வரும் ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று நம் கையில் இருக்கும் கயிறு எது?

வெளிநாட்டு வேலைக்குப் போகும் தம்பிமார்களே! முகவர் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. ரசீது கேட்டு வாங்குங்கள். குடியேற்ற அனுமதி பெற்றுச் செல்வோருக்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில், விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். பாலிசி நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். சம்பளம் வராவிட்டால் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் குடும்பத்தாரே புகார் பதியலாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். நோய் வந்த பிறகு அட்டைக்கு ஓடாமல் இப்போதே எடுத்து வையுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உடனிருந்து எழுதித் தருகிறோம்.

உதவி கேட்பது தவக்குலுக்கு மாற்றமானது என்று சிலர் எண்ணுகிறார்கள். மானத்துக்கு அஞ்சி ஜமாஅத்திடம் வராமல், வட்டிக்காரனிடம் போய் நகையை இழக்கிறார்கள். அல்லாஹ்வே பெயர் சொல்லி ஏழைகளுக்கென ஒதுக்கியது ஜகாத். அதைப் பெறுவதில் இழிவு எதுவும் இல்லை. வாங்குபவரின் பெயரை நாம் வெளியிடுவதும் இல்லை.

வசதி படைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கஷ்டப்படுபவரிடம் "அல்லாஹ் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஆற்றங்கரையில் குழந்தையைப் பின்தொடர்ந்து நடந்தாரே, அந்தச் சகோதரியைப் போல் கொஞ்ச தூரம் கூடவே நடங்கள். மருத்துவமனைக்குத் துணைக்குப் போவதும், மளிகைக் கடை பாக்கியை அடைப்பதும், ஒரு பிள்ளையின் கட்டணத்தைப் பொறுப்பேற்பதும் அந்த நடையில் சேரும். அடியான் தன் சகோதரனுக்கு உதவிக் கொண்டிருக்கும் வரை அல்லாஹ் அந்த அடியானுக்கு உதவிக் கொண்டிருக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து.

யா அல்லாஹ்! கடனில் தவிப்பவர்களின் கடனை நீக்குவாயாக. நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. தூர தேசத்தில் இருப்பவர்களை நலமாக வீடு சேர்ப்பாயாக. எங்களை ஒருவருக்கொருவர் துணையாக ஆக்கி வைப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.