கம்பிவடமா, இணையத்திரையா? – சவ்வாது மலைக் குடிலின் கேள்வி



திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடப்பது சவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளை அது. சமுனாமரத்தூர் அதன் தலைமையூர். சேயாறு பிறப்பது அம் மலையிலேயே. அங்கு வாழும் பழங்குடியினர்க்கு 'மலையாளி' என்று பெயர். பெயரைக் கேட்ட அளவில் அவர்களைச் சேரநாட்டு மலையாள மொழியினர் எனக் கருதி மயங்குவோர் உளர். அது பிழை. மலையை ஆள்பவர் மலையாளி. அவர்தம் தாய்மொழி தமிழே.

அம் மலையின் காவலூரில் 1968-ஆம் ஆண்டு முதல் வானாய்வு நடைபெற்று வருகின்றது. யுரேனசுக் கோளைச் சூழ்ந்துள்ள வளையங்களை 1977-இல் கண்டறிந்த ஆய்வில் காவலூர்க்கும் பங்குண்டு. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி 1986-இல் அங்கே இயங்கத் தொடங்கிற்று. மலைமேல் நின்று வானத்தைப் பார்க்க அறிஞர் உலகம் வழி கண்டுகொண்டது. ஆனால் அந்த மலையில் வாழும் குடியானவன் தன் குடிலில் இருந்தபடி உலகத்தைப் பார்க்க எது வழி? அவன் பார்க்கும் உலகம் எந்த மொழியில் அவனோடு பேசுகின்றது? ஈண்டு ஆராயத் தக்கது இக் கேள்வியே.

ஒரு குடிலை எண்ணிப் பாருங்கள். தந்தை சாமைக் கொல்லையினின்று திரும்புகின்றான். தாய் அடுப்படியில் இருக்கின்றாள். எட்டாம் வகுப்புப் பயிலும் மகள், எழுத்தறியாப் பாட்டி. சுவரோரம் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி. மகன் கையில் ஓர் அலைபேசி. "திங்கள்தோறும் வடத்துக்குக் கட்டும் பணத்தை நிறுத்திவிட்டு அலைபேசியிலேயே எல்லாம் பார்த்துக்கொள்ளலாமே" என்கின்றான் மகன். "பாட்டி எதைப் பார்ப்பாள்?" என்கின்றாள் தாய். நகரங்களில் இஃது ஓர் ஏந்து பற்றிய வழக்கு. மலைக் குடிலிலோ இது வயிற்றோடும் மொழியோடும் பின்னிக் கிடக்கும் வழக்கு.

வடம் பரவிய வரலாறு

தில்லியில் 1959-இல் தொடங்கிய தொலைக்காட்சி, சென்னைக்கு வந்தது 1975 ஆகசுட்டு 15-ஆம் நாள். வந்த சில ஆண்டுகளிலேயே, 1982 முதல், நாடளாவிய நிகழ்ச்சி என்னும் பெயரால் தமிழன் வீட்டு இரவு நேரத்தை இந்தியும் ஆங்கிலமும் பிடித்துக்கொண்டன. பெட்டி தமிழனுடையது, அதற்குக் கொடுத்த விலை தமிழனுடையது, இரவு உணவு வேளையில் கூடத்தில் ஒலித்த குரல் மட்டும் தமிழனுடையதன்று.

1991-ஆம் ஆண்டையொட்டி வெளிநாட்டுச் செயற்கைக்கோள் அலைவரிசைகளைக் கம்பிவடத்தின் வழி வீடுகளுக்குக் கொடுக்கும் தொழில் தலையெடுத்தது. 1993 ஏப்பிரல் 14-இல் தனியார் தமிழ் அலைவரிசையான சன் தொலைக்காட்சி தொடங்கிற்று. அதன் பின்னரே தமிழ்நாட்டுத் தெருக்களில் வடம் காட்டுக்கொடி போற் படர்ந்தது. ஏன்? கட்டணமின்றிக் கிடைத்த அரசுத் தொலைக்காட்சியை விட்டு, திங்கள்தோறும் காசு கொடுத்து வடத்தை வாங்கினான் தமிழன். கருவியின் புதுமை மட்டுமா அவனை இழுத்தது? அன்று. மாலை முழுதும் தன் மொழியில் பார்க்கவும் கேட்கவும் வேண்டும் என்னும் வேட்கை இழுத்தது. கட்டணமின்றி வரும் அயன்மொழியினும், காசுக்கு வரும் தாய்மொழியே மேல் என்று எளிய மக்கள் அன்று தீர்ப்பளித்தனர். இவ் வரலாற்றை மறவாதீர்!

அந்த வேட்கையை விதைத்தவர் தமிழர். அறுவடை செய்தவர் வணிகர். தமிழ் கேட்டு வந்தவனுக்கு, ஆங்கிலம் பாதி கலந்த மொழியைத் தமிழென்று விற்றனர். நாடகப் பெயர், நிகழ்ச்சிப் பெயர், அலைவரிசைப் பெயர் எல்லாவற்றிலும் அயன்மொழி ஏறி அமர்ந்தது. கடல்கடந்த மலேசியத் தமிழர் தம் அலைவரிசைகளுக்கு 'வானவில்' என்றும் 'விண்மீன்' என்றும் பெயர் சூட்டினர். தமிழ்நாட்டிலோ அரசே தொடங்கிய வடநிறுவனத்தையும் ஊரார் 'அரசு கேபிள்' என்றே அழைக்க நேர்ந்தது. வடம் என்னும் சொல் தேர் இழுக்க உதவுகின்றது, தொலைக்காட்சிக்கு உதவாதா?

ஆயினும் அந்நிறுவனம் செய்த நன்மையை மறுத்தல் ஆகாது. 2007-இல் உருவான அது, 2011 செப்டம்பரில் மீண்டும் உயிர்பெற்றபோது திங்கள் ஒன்றுக்கு 70 உருபாய்க்கு அலைவரிசைகளை அளித்தது. அதற்கு முன்னரே, 2006 முதல், அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவயமாக வழங்கியிருந்தது. பெட்டியும் வடமும் ஏழைக்கு எட்டின. 2019 ஆகசுட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. மறு ஆண்டே கொள்ளைநோய் வந்து பள்ளிகளை மூடியது. அலைபேசி அலை எட்டாத மலையூர்ப் பிள்ளைக்கு இணைய வகுப்பு ஏட்டுச் சுரைக்காய். தொலைக்காட்சியில் தமிழில் வந்த பாடமே கைக்கெட்டும் கறியாயிற்று. மகளின் கல்வியை எண்ணும் எந்தத் தாயும் வடத்தை எளிதில் அறுத்தெறியாள்.

கட்டணத்தின் கணக்கு

வடத்துக்குக் குறையே இல்லையா? உண்டு. செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தினின்று அனுப்பும் அலையைத் தலைநிலையத்துக் கிண்ணவாங்கி ஏற்கின்றது. அங்கிருந்து வடம் வழியே அது வீடுகளுக்குச் செல்கின்றது. தொலைவு கூடக் கூட அலை மெலியும். ஆதலின் இடையிடையே அலைபெருக்கி வேண்டும். அதற்கு மின்னாற்றல் வேண்டும். சமவெளியில் வீடுகள் தோளோடு தோள் நிற்பதால் ஒரு தெருவில் இழுத்த வடம் நூறு வீட்டுக்குப் பயன்படும். மலையில் ஒரு சிற்றூர்க்கும் மற்றொன்றுக்கும் இடையே காடும் ஓடையும் கிடக்கும். அவ்வளவு வடம் இழுத்தும் கிடைப்பவை சில வீடுகளே. மழைக்காற்றில் ஒரு கிளை முறிந்தால் அவையும் இருளும். ஆதலின் வடம் எட்டாத குடில்கள் கூரைமேற் சிறு கிண்ணவாங்கியை நாட வேண்டியுள்ளன.

கட்டணமும் பழைய நிலையில் நிற்கவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையம் கொணர்ந்த புதிய முறை 2019 பிப்பிரவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. முதல் 100 அலைவரிசைகளுக்கு அடிப்படைக் கட்டணம் 130 உருபா, அதன்மேல் வரி, விலையுள்ள அலைவரிசைகளுக்குத் தனித்தனிக் காசு. அந்த அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பும் 2024 சூலையில் எடுக்கப்பட்டது.

இனி இணையத்திரை. ஓ.டி.டி. என்று இளைஞர் குறிப்பது இதனையே. ஆட்சுடார் 2015-இலும், நெட்பிளிக்சும் அமேசானும் 2016-இலும் இங்குக் கடை விரித்தன. அதே 2016 செப்டம்பரில் சியோ நிறுவனம் புகுந்து அலைபேசி இணையத்தின் விலையை வீழ்த்தியதால் அக் கடைகளுக்குக் கூட்டம் கூடிற்று. வேண்டியதை வேண்டிய பொழுது பார்க்கலாம்; நாடகத்துக்காக அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டியதில்லை. ஈழத்தமிழரும் சிங்கைத் தமிழரும் ஆக்கிய படைப்புகளையும் தேடிப் பார்க்கலாம். இவை உண்மையான நன்மைகள்.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். இயல்பான தெளிவில் ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறத்தாழ 1 கிகாபைட்டும், உயர்தெளிவில் 3 கிகாபைட்டு வரையிலும் தீரும். நாளொன்றுக்கு 1.5 கிகாபைட்டுத் தரும் அலைபேசித் திட்டத்தில் ஒரு முழுத் திரைப்படம் ஓடி முடியுமுன் அன்றைய பங்கு தீர்ந்துவிடும். தெளிவைக் குறைத்தால் செலவு குறையும். ஆனால் கைத்திரையில் பார்ப்பவன் ஒருவனே. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஐவர் அமர்ந்தாலும் கட்டணம் ஒன்றே. இணையத்திரைக்கோ அலைபேசிக்கு ஒரு கட்டணம், தளத்துக்கு ஒரு கட்டணம். தளங்கள் பலவாயின் கட்டணங்களும் பல. இவ்வளவும் கொடுத்த பின்னும் அலை எட்டும் மேடு தேடிப் போக வேண்டுமாயின், அது மலைக் குடிலுக்கு ஆகும் செலவா?

இலவயம் என்னும் வலை

"அப்படியாயின், திங்கட் கட்டணமே இல்லாத நடுவணரசின் இலவயக் கிண்ணவாங்கியை வைத்துக்கொள்ளலாமே" என்பார் உளர். 2004 திசம்பரில் தொடங்கிய அத் திட்டத்தில் ஒருமுறை கருவி வாங்கினாற் போதும். ஏழைக்கு இனிப்பான செய்திதான். ஆனால் அதில் வரும் தனியார் அலைவரிசைகளுள் மிகப் பெரும்பாலன இந்தி! தமிழ் அலைவரிசைகளோ விரல்விட்டு எண்ணத்தக்கன. இந்தி இலவயம், தமிழுக்குக் காசு! சட்டம் போட்டுத் திணித்தால் தமிழன் எதிர்ப்பான், 1965-இல் எதிர்த்தான். இலவயமாகக் கொடுத்தால் நன்றி கூறி வாங்கிக்கொள்வான். எட்டாம் வகுப்புப் பிள்ளை பார்க்கும் பொம்மைப் படத்தின் வழி நுழையும் மொழியை எந்தப் போராட்டத்தால் வெளியேற்றுவது?

அரசுத் தொலைக்காட்சியின் தமிழ் அலைவரிசைக்குப் 'பொதிகை' என்னும் மலைப்பெயர் இருந்தது. தமிழ் பிறந்த மலையென்று வழிவழியாகப் போற்றப்பெறும் பெயர் அது. 2024 சனவரி 19-இல் அப் பெயர் நீங்கி, 'டிடி தமிழ்' என்றாயிற்று. ஒரு மலைப்பெயரை இவ்வளவு எளிதாக எடுத்துவிட முடியுமாயின், மற்றொரு மலையில் வாழும் மக்களின் மொழியைப் பற்றி யார் கவலைப்படப் போகின்றார்?

இணையத்திரைத் தளங்களும் இவ்வகையில் விலக்கல்ல. அவற்றுட் பலவற்றில் தேடி நுழைவதற்கே ஆங்கில எழுத்தறிவு வேண்டும். எழுத்தறியாப் பாட்டிக்கு அங்குக் கதவு அடைப்பு. வேற்றுமொழித் தொடரைத் தமிழில் மாற்றுக்குரல் கொடுத்து விடுகின்றனர். உதடு ஒன்று சொல்ல, ஒலி ஒன்று சொல்ல, இரண்டும் சேராத ஒரு செயற்கைத் தமிழ் பிள்ளைகளின் செவியிற் படிகின்றது.

மலை பேசட்டும்

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. வடமாயினும் இணையமாயினும் இரண்டும் கீழிருந்து மேலே ஏறுவனவே. மலையினின்று கீழே இறங்குவது சேயாற்று நீர் மட்டுமே. மலையின் கதை இறங்குவதில்லை. மலையாளி மூதாட்டியின் பாட்டும் அவள் வாயிற் பயிலும் பழந்தமிழ்ச் சொல்லும் எந்தத் திரையில் இடம்பெற்றன?

மலையை அடுத்த செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. ஆநிரை மீட்டு வீழ்ந்த வீரர்தம் பெயர்கள் அங்கே தமிழிற் பொறிக்கப்பட்டு நிற்கின்றன. அவ் வட்டாரத்து எடுத்தனூரில், பல்லவர் காலத்தில், கள்வரைக் கடித்துக் காவல் காத்த 'கோவிவன்' என்னும் நாயின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்தனர். ஒரு நாயின் நன்றியையும் எழுத்தில் ஏற்றிய மண் அது. இன்று எழுதும் கருவி ஆயிரம் மடங்கு பெருகிய பின்னும், அம் மண்ணின் மாந்தர் பெயர் எத்திரையிலும் இல்லை என்றால், வளர்ந்தது கருவியா, மாந்தனா?

செய்ய வேண்டுவது என்ன?

குடில் செய்ய வேண்டுவது முதலில். வடம் எட்டும் ஊரில், முதியோரும் பள்ளிப் பிள்ளைகளும் உள்ள வீடு வடத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அலைவரிசைகளைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை 2019 முதல் உண்டு. வடக்காரர் கட்டிக் கொடுக்கும் மூட்டையை அப்படியே வாங்காது, தமிழ் அலைவரிசைகளை மட்டும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். வடம் எட்டாத ஊரில் கூரைக் கிண்ணம் வாங்குமுன், அதில் வரும் தமிழ் அலைவரிசைகள் எத்தனை என்று கேட்டல் வேண்டும். விலையைப் பின்னர்க் கேட்கலாம். இணையத்திரையில் குறிப்பிட்ட ஒரு நற்படைப்பைக் காண விழைந்தால் ஒரு திங்களுக்கு மட்டும் கட்டணம் செலுத்திக் கண்டபின் நிறுத்திவிடலாம். தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இசைவு தரலாகாது.

அரசு செய்ய வேண்டுவது அடுத்தது. கேரள அரசு 2024 மார்ச்சு 7-இல் 'சி-வெளி' எனப் பொருள்படும் 'சி ஸ்பேசு' என்னும் இணையத்திரையைத் தானே தொடங்கிற்று. இந்தியாவில் ஒரு மாநில அரசு நடத்தும் முதல் தளம் அது. ஒரு படத்துக்கு 75 உருபா. பார்த்ததற்கு மட்டுமே கட்டணம். அதிற் பாதி படைத்தவனுக்கு. மலையாளம் பேசும் மாநிலம் செய்ததைத் தமிழ் பேசும் மாநிலம் செய்ய இயலாதா? தமிழ்ப்பெயர் சூட்டிய திரைப்படங்களுக்கு 2006-இல் கேளிக்கை வரிவிலக்கு அளித்தபோது, படப்பெயர்கள் தமிழுக்குத் திரும்பவில்லையா? அரசு மனம் வைத்தால் வணிகனும் தமிழ் பேசுவான்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழை வடத்தால் இணைப்பது திட்டம். அவ்விழை மலையூர்தோறும் உண்மையில் எட்டுமாயின், கம்பிவடம், இணையத்திரை என்னும் வேறுபாடே மறையும். இரண்டும் அந்த ஓரிழையில் ஓடும். அன்று எஞ்சி நிற்கும் கேள்வி ஒன்றே: அவ்விழையில் ஓடுவது எவர் மொழி?

ஆதலின், கருவியைக் கண்டு மயங்காதீர். இலவயத்தைக் கண்டு இரங்காதீர். பாட்டிக்குப் புரியும் மொழி, பிள்ளைக்குப் பாடம் தரும் மொழி, மலையின் பாட்டைத் திருப்பிச் சொல்லும் மொழி எதுவோ, அம்மொழி வரும் வழியே குடிலுக்கு உகந்த வழி. அந்த மொழி வராத வடத்தை அறுத்தாலும் இழப்பில்லை. வராத இணையத்தை அணைத்தாலும் இருளில்லை.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!