எதைவிடப் பெரிது?



புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் குளமங்கலம் அய்யனார் கோயில் இருக்கிறது. முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் நிலையில் அங்கே ஒரு பிரம்மாண்டமான குதிரை. உயரம் 33 அடி என்பார்கள். மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகள் விழுந்து விழுந்து குதிரையே மறைந்துபோகும். 'ஆசியாவிலேயே மிகப்பெரிய குதிரைச் சிலை' என்று சிலர் சொல்கிறார்கள். 'மிகப்பெரிய சிலைகளில் ஒன்று' என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக் காட்டுவதற்குப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்த ஓர் ஆங்கில இலக்கணப் பாடமே போதும்.

பாசிட்டிவ், கம்பாரிட்டிவ், சூப்பர்லேட்டிவ் என்று ஒப்பீட்டுக்கு மூன்று டிகிரிகள். டால், டாலர், டாலஸ்ட். ஒரு டிகிரியில் இருக்கும் வாக்கியத்தை இன்னொரு டிகிரிக்கு மாற்றச் சொல்வார்கள். 'நோ அதர்' என்று ஆரம்பி, 'வெரி ஃபியூ' என்று ஆரம்பி என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் நம்மில் ஏராளம்.

இந்தப் பாடம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏன் தடுக்குகிறது? தமிழில் 'உயரம்' என்ற சொல் எந்த ஒப்பீட்டிலும் மாறுவதில்லை. எதனோடு ஒப்பிடுகிறோமோ, அந்தப் பெயரில்தான் உருபு ஏறுகிறது. தொல்காப்பியர் இதற்கு ஐந்தாம் வேற்றுமையில் இடம் கொடுத்தார். 'காக்கையிற் கரிது களாம்பழம்' என்பதுதான் உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். திராவிட மொழிகளின் இந்த வழக்கத்தைக் கால்டுவெல்லும் 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் குறித்தார். இன்றைய பேச்சில் 'விட' என்ற ஒரு சொல்லே அந்த வேலை முழுவதையும் பார்த்துவிடுகிறது.

'இன்னும் நல்லது' என்று பேசிப் பழகிய பிள்ளை ஆங்கிலத்தில் 'மோர் பெட்டர்' என்று எழுதுகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கிறார். இன்றைய ஆங்கிலத்துக்கு அது தவறுதான். ஆனால் 'மோஸ்ட்' என்று போட்டு 'எஸ்ட்' விகுதியையும் சேர்க்கும் இரட்டை உச்சத்தை ஷேக்ஸ்பியரே 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் எழுதியிருக்கிறார். முழுமைக்கு மேல் முழுமை ஏது என்று 'மோர் பெர்ஃபெக்ட்' என்பதைக் கண்டிக்கும் இலக்கணக்காரர்கள் உண்டு. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முகப்புரையிலேயே அந்தச் சொல் இருக்கிறது. இரண்டு பேரை ஒப்பிடும்போது 'பெட்டர்' என்றே சொல்ல வேண்டும், 'பெஸ்ட்' கூடாது என்பது இன்னொரு விதி. ஆனால் 'பெஸ்ட் ஃபுட் ஃபார்வர்டு' என்று ஆங்கிலேயரே சொல்கிறார்கள். மனிதனுக்குக் கால் இரண்டுதானே! இப்படிப்பட்ட சண்டைகளில் பாதி வழக்கத்தைப் பற்றியவை. வழக்கம் மாறினால் விதியும் மாறும்.

ஒரு விதி மட்டும் அப்படியல்ல. 'வகுப்பில் எந்தப் பையனையும்விட முருகன் உயரம்' என்றால், அந்த வகுப்புப் பையன்களில் முருகனும் ஒருவன். அவன் தன்னைவிடவே உயரமாக முடியுமா? 'வேறு எந்தப் பையனையும்விட' என்றால்தான் கணக்கு நேராகும். 'எனி' என்பதோடு 'அதர்' சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். இது தமிழுக்கும் பொருந்தும்.

இப்போது குதிரையை டிகிரி மாற்றிப் பாருங்கள். 'ஆசியாவிலேயே மிகப்பெரியது' என்றால், 'ஆசியாவில் வேறு எந்தக் குதிரைச் சிலையும் இந்த அளவு பெரிதில்லை' என்று பொருள். ஆசியாவில் எங்கோ ஒரு நாட்டில் இதைவிடப் பெரிய குதிரைச் சிலை ஒன்று இருந்தாலும் அந்த வாக்கியம் விழுந்துவிடும். 'மிகப்பெரியவற்றில் ஒன்று' என்றால், 'வெகு சில சிலைகளே இந்த அளவு பெரியவை' என்று பொருள். பெருமை சற்றுக் குறைவு, ஆனால் வாக்கியம் எளிதில் விழாது. 'பெரிய' என்பது உயரத்திலா, நீளத்திலா, எடையிலா என்பதையும் சொல்லியாக வேண்டும். அடைமொழி எதுவும் இல்லாவிட்டாலும் குளமங்கலத்துக் குதிரையின் கம்பீரம் குறையப்போவதில்லை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். டிகிரி மாற்றும் பயிற்சியைத் தேர்வோடு நிறுத்திவிடாதீர்கள். துணிக்கடை விளம்பரம், கட்சி மேடைப் பேச்சு, சுற்றுலாப் பலகை என்று எங்கே 'மிகப்பெரிய', 'முதன்மையான' என்று கண்டாலும், 'எதைவிட? எந்தக் கூட்டத்தில்? எந்த அளவையில்?' என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். இலக்கணம் படித்ததன் பயன் அதுதான்.