லோடு இறக்கியாச்சு, பணம் எப்போ வரும்?

அமெரிக்க லாரித் தொழில்ல பணம் எப்படிக் கைமாறுதுன்னு இந்த எபிசோடுல பார்க்கலாம். நைட் ஷிஃப்ட்ல அந்த ஊர் கம்பெனிகளுக்கு பில்லிங் பார்க்கிற நம்ம ஆட்களுக்கு இது பழகின விஷயம். மத்தவங்களுக்குப் புதுசா இருக்கும்.

ஒரே ஒரு லாரி வச்சு ஓட்டுற ஒருத்தரை எடுத்துக்கோங்க. புரோக்கர் மூலமா 2,000 டாலருக்கு ஒரு லோடு கிடைக்குது. இறக்கிட்டு, டெலிவரி ரசீதோட இன்வாய்ஸும் அனுப்பிட்டார். பணம் வர பெரும்பாலும் 30 நாள் ஆகும். டீசலும் இன்ஷூரன்ஸும் லாரித் தவணையும் அதுவரைக்கும் காத்திருக்காது.

இங்கதான் ஃபேக்டரிங் கம்பெனி வருது. அந்த இன்வாய்ஸை வாங்கிக்கிட்டு, உதாரணத்துக்கு 3 சதவீதம் பிடிச்சுட்டு, ஓரிரு நாள்ல 1,940 டாலர் கொடுத்துடும். அப்புறம் புரோக்கர் பணத்தை நேரா அந்தக் கம்பெனிக்குத்தான் கட்டணும்.

வெறும் 60 டாலர்தானேன்னு தோணும். ஆனா 1,940 டாலரை 30 நாள் முன்னாடி வாங்கறதுக்கு 60 டாலர்னா, வருஷக் கணக்குல சுமார் 37 சதவீத வட்டி. அதுவும் பிடிக்கிறது லாபத்துல இல்ல, மொத்த வாடகையில. செலவெல்லாம் போக 200 டாலர் மிஞ்சுற லோடுன்னா, அதுல பத்துக்கு மூணு பங்கு போயிடுச்சு.

சரி, புரோக்கர் பணமே தரலைன்னா? ஒப்பந்தம் 'ரிகோர்ஸ்' வகைன்னா, வாங்கின பணத்தை லாரிக்காரர் திருப்பித் தரணும். 'நான்-ரிகோர்ஸ்'னா நஷ்டம் ஃபேக்டரிங் கம்பெனிக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பல ஒப்பந்தங்கள்ல அது புரோக்கர் திவாலானா மட்டும்தான் செல்லும். "சரக்கு சேதம், லேட்டா வந்துச்சு"ன்னு தகராறு பண்ணிப் பணத்தை நிறுத்தினா, சுமை மறுபடி லாரிக்காரர் தலையிலதான்.

ஒவ்வொரு புரோக்கரும் 75,000 டாலருக்கு ஜாமீன் பத்திரமோ டிரஸ்ட் நிதியோ வச்சிருக்கணும்னு சட்டம் இருக்கு. 2013 வரைக்கும் அது 10,000 டாலர்தான். ஆனா இந்தத் தொகை பாக்கி நிக்கிற எல்லாருக்கும் சேர்த்து. மொத்தப் பாக்கி 3 லட்சம் டாலர்னா, நாலு டாலருக்கு ஒரு டாலர்தான் தேறும்.

அதனால லோடு ஏத்துறதுக்கு முன்னாடியே ஃபேக்டரிங் கம்பெனிகிட்ட ஒரு கேள்வி கேட்டுடணும்: "இந்தப் புரோக்கரோட இன்வாய்ஸை வாங்குவீங்களா?" அவங்க புரோக்கர்களோட கடன் வரலாறைப் பார்த்து வச்சிருப்பாங்க. மாட்டோம்னு சொன்னா, எவ்வளவு நல்ல வாடகையா இருந்தாலும் அந்த லோடை விட்டுடறதுதான் புத்திசாலித்தனம்.